மேல் கூடை

"ஓட்டல்ல உட்கார்ந்து நிதானமா சாப்பிட்டதே இல்லன்னு சொல்றே. அப்புறம் அங்க வர்றவங்க எப்படி ஆர்டர் பண்ணுவாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

எங்கள் டீம் லீட் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் அது எனக்கு அதிகமாக உறைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. மொத்தம் பதினான்கு பேர். உணவகங்களில் ஆர்டர் எடுப்பவர்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டுக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். சாப்பிட வந்தவர்கள் சொல்வதை அதில் தட்டினால் சமையலறையில் சீட்டு அச்சாகி வரும். நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டோம் என்று கொடுப்பதை எங்கே உடையும் என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. நான் 'பாஸ்' போட்டால்தான் அது வெளியே போகும்.

அந்த மாதம் எங்களுக்குப் புதிதாகக் கிடைத்தது நுங்கம்பாக்கத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலின் நான்காவது மாடியில் இருக்கும் இடம். சீனச் சாப்பாடும் பாரும் சேர்ந்தது. கேஸ்ட்ரோபப் என்று பெயர்ப் பலகையிலேயே போட்டிருப்பார்கள். ஐ.டி. ஆட்களும் சினிமா ஆட்களும் போகிற இடம். டேப்லெட் அங்கே ஓட ஆரம்பிக்கும் முதல் நாள் எங்கள் ஆள் ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டும். அப்படிப் போகிறவரைத்தான் பிறகு எதற்கெடுத்தாலும் அந்த வாடிக்கையாளர் கூப்பிடுவார். மெல்ல அந்த வாடிக்கையாளரே அவர் பொறுப்பாகிவிடுவார். எங்கள் லீட்கூட அப்படி வந்தவர்தான். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். மூன்று வருடமாக நாற்காலியிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

லீட் மனதில் இருந்தது என் பக்கத்து நாற்காலிக்காரன். மதுரையிலிருந்து வந்தவன், முகப்பேரில் நண்பர்களோடு ஃப்ளாட் எடுத்திருக்கிறான். அந்த மென்பொருளில் பாதியை எழுதியவனும் அவன்தான். நல்லவன். வாரம் தவறாமல் வெளியே சாப்பிட்டு, சாப்பிட்டதைப் படம் எடுத்துப் போடுவான். மீட்டிங்கில், முதலில் சூப், பிறகு ஸ்டார்ட்டர், அதன் பிறகு மெயின் என்று வரிசையாகச் சீட்டு போகும் என்று அவன் விளக்கியபோது நான் குறுக்கே பேசினேன்.

"அப்படி யாரு காத்துட்டு இருப்பாங்க? எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொண்டு வரச் சொல்வாங்க."

"நீ கடைசியா எந்த ஓட்டல்ல சாப்பிட்ட?" என்று லீட் கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். கல்லூரிச் சுற்றுலாவில் வழியில் பரோட்டா, கோயம்பேட்டில் நின்றுகொண்டே இட்லி. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"திங்கட்கிழமை சொல்றேன் சார்" என்றேன்.

பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ப்ளஸ் டூவில் என்ன குரூப் எடுப்பது, கல்லூரி விண்ணப்பத்தை எந்த சன்னலில் கொடுப்பது என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. நேராகப் போய் நின்று, திட்டு வாங்கி, தெரிந்துகொண்டுதான் எனக்குப் பழக்கம். இதற்கும் போய் நிற்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னேன். எங்கள் வீடு நூம்பலில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா இரண்டு மாடு வைத்துக்கொண்டு, வயல் இருந்த இடத்தில் வந்த ஃப்ளாட்டுகளுக்குப் பால் ஊற்றுகிறாள்.

"சைனாக்காரன் ஓட்டலா? பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா?" என்றாள் அம்மா.

"எனக்கு வேற நாள் இல்லம்மா. சைவமும் இருக்கும்."

"பாரும் கீதாமே அதுல?"

"பாரா?" நைனா டிவியிலிருந்து திரும்பினார். "நீ தனியா போவக்கூடாது பாப்பா. நானும் வரேன்."

"நீ போறன்னா நானும் வந்துதான் ஆவணும்" என்றாள் அம்மா. "உன்ன நம்பி உட முடியாது."

அம்மா புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டாள். சனிக்கிழமைகளில் நெற்றியில் திருச்சூர்ணம் இட்டு, வீட்டில் பெருமாள் படத்துக்குத் தளிகை போடுவாள். நைனாவுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. கவுச்சி இல்லையென்றால் தனக்கு கியர் விழாது என்பார். வெளியே சாப்பிட்டுக்கொள்வார். நான் வீட்டில் அம்மா சட்டி, வெளியே என் இஷ்டம். மூன்று பேருக்கும் இதில் சண்டை வந்ததே இல்லை.

நாலு மணிக்குப் பால் கறக்க வேண்டும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கே போனோம். வேலப்பஞ்சாவடியில் பஸ் ஏறி, பிறகு ஆட்டோ. "லாரிய எட்துகினு வந்திருந்தா அவனுக்கு ஒரு லோடு ஊத்திட்டும் வந்திருக்கலாம்" என்று நைனா ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தார். என் பையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் இரண்டு பக்கத்துக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். முதலில் யாரிடம் கேட்கிறார்கள், கேட்டது இல்லையென்றால் என்ன சொல்கிறார்கள், பச்சைப் புள்ளி போட்ட சைவ அயிட்டத்தில் மீன் சாஸ் ஊற்றுகிறார்களா, முட்டை சேர்க்கிறார்களா, வாணலி தனியா. புதிய மென்பொருள் வந்தால் முதலில் இப்படித்தான் பட்டியல் போடுவேன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அம்மா நின்றுவிட்டாள். வெளியே பன்னிரண்டரை மணி வெயில், உள்ளே சாயங்காலம் ஏழு மணி போல இருந்தது. சிவப்பு விளக்குகள், உயரமான ஸ்டூல்கள், பூசாத செங்கல் சுவர்.

"கட்டி முடிக்காமயே தொறந்துட்டானுங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"அது ஸ்டைலு" என்றார் நைனா. அவர் பார்வை பாட்டில்கள் அடுக்கியிருந்த அலமாரியில் இருந்தது.

"இன்னா பாக்கற?"

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறேன்."

சோபா போட்ட மேசை ஒன்றில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் என் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெனு அட்டையே இல்லை. மேசையில் ஒட்டியிருந்த சதுரத்தை ஃபோனில் படம் பிடித்தால் ஃபோனில் மெனு வந்தது. அதை நான்தான் உரக்கப் படித்துச் சொன்னேன். படிக்கிற வேலை எல்லாம் வீட்டிலும் என்னுடையதுதான்.

ஆர்டர் எடுக்க வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். மணிப்பூர்க்காரர் என்று பிறகு சொன்னார். என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நானும் ஆங்கிலத்தில் பேசினேன். தடுமாறாமல் பேசினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவர் கையில் சீட்டுக் கட்டு, இரண்டு பேனா. எங்கள் டேப்லெட் வரும்வரை காகிதம்தான். அம்மா நெற்றியைப் பார்த்துவிட்டு அவர் தமிழுக்கு மாறினார்.

"இன்னாம்மா, பொரட்டாசி வெரதமா?"

சென்னைத் தமிழ், அப்படியே எங்கள் தெருத் தமிழ். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"நோ நோ. ஜஸ்ட் வெஜ்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவள் வேறு எதற்காகவாவது திரும்பியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த விளக்குக்குக் கீழே, விரதம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அவர் சிவப்புப் பேனாவை எடுத்திருந்தார். நான் சொன்னதும் அதைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிவிட்டு நீலப் பேனாவால் எழுதினார். நான் அதைப் பார்த்தேன். என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா முந்தானையால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தாள்.

என் நோட்டில் இருந்த எல்லாவற்றையும் அவரிடம் கேட்டேன். மீன் சாஸ் இல்லை, முட்டை இல்லை, நூடுல்ஸுக்குத் தனி வாணலி வேண்டுமென்றால் சொல்லலாம். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். கடைசியில் டிம் சம் சொன்னோம். அம்மாவுக்கும் எனக்கும் காய்கறி வைத்தது, நைனாவுக்குக் கோழி வைத்தது.

"பியர் எதுனா?" என்று அவர் நைனாவைக் கேட்டார்.

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா செங்கல் சுவரைப் பார்த்தாள்.

"டீ குடுப்பா" என்றார் நைனா.

மல்லிகை வாசத்தோடு பால் இல்லாத டீ வந்தது. நைனா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பூ ஊறப்போட்ட சுடுதண்ணி" என்றார். சாப்பிடுவதற்கு வைத்திருந்த இரண்டு குச்சிகளைப் பிரித்து ஸ்பானர் பிடிப்பது போலப் பிடித்தார். டீயோடு வந்த வேர்க்கடலை ஒன்றை அதில் கவ்வி, பாதி வழியில் பக்கத்து மேசைக்கு அனுப்பினார். லேப்டாப்காரர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் எழுந்து வந்து எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தான். "அப்டி போடு மாமே" என்று நைனா அவனைத் தட்டிக் கொடுத்தார். நான் கூச்சப்பட்ட மேசை அதுதான்.

பிறகு டிம் சம் வந்தது. மூங்கில் கூடைகள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. உச்சியில் மட்டும் மூடி. மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று எழுந்தது. ஆர்டர் எடுத்தவர் மேலிருந்த இரண்டு கூடைகளை எங்கள் பக்கமும் கீழ்க்கூடையை நைனா பக்கமும் வைத்தார்.

"கொழக்கட்டை" என்றாள் அம்மா, நிம்மதியோடு.

"நம்ம கொழக்கட்டைய இத்தினிகூண்டு பண்ணி, கூடைல வச்சி, இங்கிலீஷ்ல பேர் வச்சிகீறான்" என்றார் நைனா. ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். நானும் ஒன்றைத் தின்றுவிட்டேன். மெல்லிய மாவு, உள்ளே கோஸும் காளானும். நன்றாக இருந்தது.

அம்மா ஒன்றைக் கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டு போகாமல் கூடைகளையே பார்த்தாள். அடியில் சல்லடை போலப் பின்னியிருந்ததைப் பார்த்தாள்.

"ஏம்பா, இது மூணும் ஒண்ணாவா வெந்துச்சு?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "ஆமாம்மா. ஒரே அடுப்பு. கீழ சிக்கன், மேல வெஜ்."

அம்மா கையிலிருந்ததைக் கூடையிலேயே வைத்தாள். கோபம் இல்லை. மூடியை எடுத்து மூடினாள்.

"ஆவிதானம்மா" என்றேன்.

"ஆவி மேலதான போவும்?" என்றாள்.

நோட்டைப் பிரித்தேன். இரண்டு பக்கப் பட்டியலில் சாஸ் இருந்தது, முட்டை இருந்தது, வாணலி இருந்தது. ஆவி இல்லை.

"அப்போ காசிமேடு மீன் மார்க்கெட் வழியா பஸ்ல போனாலே வெரதம் போச்சா?" என்றார் நைனா.

"நீ வாய மூடிகினு துன்னு. உனுக்கு பொரட்டாசி இன்னா, பங்குனி இன்னா."

"வாய மூடிகினு எப்டி துன்றது?"

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் தொடவில்லை. ஆர்டர் எடுத்தவர் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "மேடம், நான் கேட்டேனே" என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. சீட்டில் ஏதோ விட்டுப்போனதைச் சரிபார்க்கிற குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். நானும் அப்படித்தான் கேட்பேன்.

அதன் பிறகு அவர் செய்தது எதையும் நான் கேட்டுச் செய்யவில்லை. ஒரு கை தூரத்தில் காலியாக இருந்த சின்ன மேசையைப் புதுத் துணியால் துடைத்தார். "அம்மா, நீங்க இங்க வாங்க. அந்த டேபிள்ல சிக்கன் வந்துருச்சு இல்ல" என்றார். புதுச் சீட்டில் நூடுல்ஸ் எழுதி, சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். பத்து நிமிடத்தில் கொண்டு வந்து வைத்தார். "தனி சட்டி, தனி கரண்டி. பூண்டு கீது, பரவால்லியா?"

"பூண்டு பரவால்லப்பா. நீ சாப்ட்டியா?"

"மூணு மணிக்கும்மா."

அம்மா தனி மேசையில் கையாலேயே நூடுல்ஸ் சாப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் இந்த மேசையில். நைனா இங்கிருந்தே அவளுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அம்மாவோடு உட்கார்ந்திருக்கலாம். கோழி ஆவியில் வெந்ததைத் தின்றவள் அந்த மேசைக்குப் போகலாமா என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

சிவப்பு வட்டம் என்ன என்று ஆர்டர் எடுத்தவரிடம் கேட்டேன். வேலை குறைந்த நேரம் என்பதால் நின்று சொன்னார். அங்கே ஆர்டர் எடுக்கிற எல்லாரிடமும் ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. புரட்டாசி, கார்த்திகையில் மாலை போடுபவர்கள், ஆடி மாதம், சிலருக்கு வெள்ளிக்கிழமை. சாப்பிட வருகிற ஐந்து பேரில் ஒருவர் விரதம், நாலு பேர் கோழி கேட்பார்கள். எல்லாம் நடு மேசையில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதனால் வட்டம் போட்ட சீட்டுக்குத் தனிச் சட்டி, தனி அடுக்கு. முக்கியமாக, அது முதலில் மேசைக்கு வந்துவிட வேண்டும். கோழி வந்து உட்கார்ந்த மேசையில் விரதக்காரர்கள் பிறகு கை வைக்கமாட்டார்கள்.

"வெஜ் வேற, வெரதம் வேற மேடம். நான் வந்த மொத வருஷம் தெரியாம நெறைய திட்டு வாங்கினேன்."

"இத ஓனர் சொல்லிக் குடுத்தாரா?"

"அவருக்குத் தெரியாது. பேனா நாங்களே வாங்கினது." பிறகு அவராகவே சொன்னார். "ரெண்டு வாரத்துல டேப்லெட் வருதாம். அதுல வட்டத்த எங்க போடறதுன்னுதான் தெரியல."

நான் யார் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அப்போ நீங்களே சொல்லுங்க. எங்க போடறது?"

திரும்பும்போது பஸ்ஸில் நைனா தூங்கிவிட்டார். மதுரவாயல் தாண்டியதும் அம்மா பேசினாள்.

"அந்தப் புள்ள எங்கியோ பொறந்து வந்து வெரதமான்னு கேக்குது. நீ என் வவுத்துல பொறந்துட்டு இல்லன்ற."

"தப்புதாம்மா."

"நான் அங்க துன்னலன்றது பெருசில்ல. ஊட்ல சோறு கீது. ஆமான்னு சொல்றதுக்கு இன்னா?"

அவ்வளவுதான் சொன்னாள். நிறுத்தத்தில் இறங்கியதும் நேராக மாட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை எங்கள் மென்பொருளை எடுத்து அம்மாவின் மேசையை அப்படியே அதில் போட்டுப் பார்த்தேன். மூன்று பேர், ஒருவர் விரதம். டேப்லெட்டில் சைவம் என்று குறிக்க வழி இருந்தது. விரதம் என்று குறிக்க வழி இல்லை. குறிப்பாக எழுதினால் அது வாணலிக்காரர் சீட்டில் வந்தது, ஆவி அடுப்புக்காரர் சீட்டில் வரவில்லை. வரிசையும் அதுவாகவே போட்டது. ஸ்டார்ட்டர் என்பதால் கோழி டிம் சம் முதலில், நூடுல்ஸ் கடைசியில். நான் 'ஃபெயில்' போட்டேன்.

பதினோரு மணிக்கு மீட்டிங்.

"வெஜ் மார்க் இருக்கே" என்றார் லீட்.

"வெஜ் வேற, விரதம் வேற சார்."

"ஆவிக்கு ஒரு பட்டனா?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, கஸ்டமரே விரதம்னு சொல்லலன்னா சாஃப்ட்வேர் என்னம்மா பண்ணும்?" என்று லீட் கேட்டார்.

"சொல்லாதது நான்தான் சார்" என்றேன்.

மறைத்துச் சொல்வதாக இருந்தேன், 'ஒரு வாடிக்கையாளர்' என்று. ஆனால் அப்படிச் சொன்னால் அம்மாவின் விரதத்தை இரண்டாவது முறையும் 'இல்லை' என்று சொல்வதாகிவிடும். அதனால் நடந்ததை முழுசாகச் சொன்னேன். எங்கம்மா, திருச்சூர்ணம், ஜஸ்ட் வெஜ், சிவப்புப் பேனா, தனி மேசை. சிரிப்பு நின்றது. பக்கத்து நாற்காலிக்காரன் பேனாவை உருட்டிக்கொண்டே, "எங்கப்பா மாலை போட்டா ஒரு மண்டலம் எங்க வீட்ல யாரும் வெளிய சாப்பிட மாட்டோம். போனா அவருக்கு அங்க ஒண்ணும் சரிப்படாதுன்னுதான்" என்றான்.

லீட் கடிகாரத்தைப் பார்த்தார். "புரியுதும்மா. அடுத்த வெர்ஷன்ல சேர்த்துக்கலாம். தேதி குடுத்தாச்சு. இப்ப பாஸ் போட்டுடு."

"ஃபெயில்னு போட்டுட்டேன் சார். உங்க பேர்ல நீங்க பாஸ் போடலாம். அதுக்கு அதுல வழி இருக்கு."

வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. இதோடு நுங்கம்பாக்கம் போகிற பேச்சே முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் என் திரையைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயர் போட வேண்டிய கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போடவில்லை. ஃபோனை எடுத்து உணவக உரிமையாளரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்து, விரத விஷயத்தைச் சொன்னார்.

"அது ஒரு மாசம்தானே சார், எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?" என்றார் உரிமையாளர்.

"உங்க ஆளுங்ககிட்ட ஒரு தடவ கேட்டுப் பாருங்க சார்" என்றேன் நான், ஃபோன் பக்கம் குனிந்து.

அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பாத்திரச் சத்தம், பல குரல்கள், இந்தி, தமிழ். ரொம்ப நேரம். திரும்ப வந்தபோது அவர் குரலில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. "எல்லார் பையிலயும் ஒரு சிவப்புப் பேனா வச்சிருக்கானுங்க சார். அது இல்லாம டேப்லெட்ட தொடமாட்டோம்ங்கறானுங்க. செஞ்சு குடுத்துடுங்க."

பக்கத்து நாற்காலிக்காரன் ஒன்றரை நாளில் எழுதிக் கொடுத்தான். டேப்லெட்டில் ஆளைத் தொட்டால் சிவப்பு வட்டம் வரும். சமையலறையில் எல்லாச் சீட்டிலும் அது அச்சாகும். வட்டம் போட்டது முதலில் போகும். நான் அதை இரண்டு நாள் உடைத்தேன். ஆளை வேறு மேசைக்கு மாற்றினால் வட்டம் காணாமல் போனது. அம்மாவை மாற்றியது போல மாற்றிப் பார்த்ததால்தான் அது கிடைத்தது. அவன் முனகிக்கொண்டே சரிசெய்தான். பிறகு பாஸ் போட்டேன்.

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை டேப்லெட் ஓட ஆரம்பிப்பதாக இருந்தது. யார் போவது என்று மட்டும் லீட் சொல்லவில்லை. "ரெண்டு பேர்ல யாருன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கிண்டிக்கு வேறு வேலையாகப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அந்த ஓட்டலிலிருந்து எங்கள் பொது முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. வேலையாக வருகிறவர்கள் லிஃப்டில் வர முடியாது, பின்பக்கக் கேட் வழியாகத்தான் வர வேண்டும். அதற்குப் பாஸ் வேண்டும். வருகிறவர் பெயர், அடையாள அட்டை, புகைப்படம் மூன்றையும் இன்றே மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரனும் அதைப் படித்தான். என்னைப் பார்த்தான்.

"என் பேரப் போடறேன்" என்றேன்.

"சார் கத்துவாரு."

"கத்தட்டும். உனக்குப் போகணும்னா இப்பவே சொல்லு."

"எனக்கும் போகணும்தான்" என்றான். பிறகு, "அந்தச் சிவப்புப் பேனாக்காரர் உன்னத்தான் கேப்பாரு. போடு" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீட் வந்து என் மேசை ஓரத்தில் நின்றார். "நாளைக்கு யாரை அனுப்பறதுன்னுதான் வழி நெடுக யோசிச்சிட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தார்.

நான் ஃபோனைத் திருப்பிக் காட்டினேன். என் புகைப்படம், அதன் கீழே என் பெயர், பின்பக்கக் கேட், காலை பத்து மணி.

"பாஸ் நேத்தே வந்துடுச்சு சார்" என்றேன்.